ஆல்டர் தெருவின் அகலம்

சத்தியம். உதட்டோடு நின்றுபோகிற சத்தியம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வந்து என்ன சத்தம் என்று கேட்கிற மாதிரியான சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் நாளையிலிருந்து நான் குடிக்கிற டீயில் சீனி கரையாமல் போகட்டும், நான் ஏறுகிற பஸ்ஸெல்லாம் டிப்போவுக்கே திரும்பட்டும், என் மூக்குக்கண்ணாடி என் மூக்கை விட்டு இறங்கி என் மைத்துனன் மூக்கில் போய் உட்காரட்டும். இதற்கு மேல் ஒரு மனுஷன் எதைப் பணயம் வைப்பான்? சரி, கேளுங்கள்.

நாகூர்ச் சேகனா கப்பலின் அடிவயிற்றில் நின்று உலைக்குக் கரி அள்ளிப் போட்டவன். நியூயார்க் துறைமுகத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கி, அந்த டீயைத் தேடிக்கொண்டே மேற்கே மேற்கே போய், ஏரிக்கரையில் மோட்டார் கார் செய்கிற ஒரு பெரிய பட்டணத்தில் போய் நின்றான். இரண்டாம் யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். பட்டணத்தின் பேர் வேண்டாம், அமெரிக்காவில் எந்தப் பெரிய பட்டணத்தின் பேரைப் போட்டாலும் இந்தக் கதைக்குச் சரியாகவே உட்காரும். அங்கே எர்னஸ்டீன் என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டினான். தெற்கே பருத்திக் காட்டிலிருந்து மூட்டை கட்டி வந்த குடும்பம் அவளுடையது. இருவருக்கும் சபுரா என்று ஒரு பெண் பிறந்து, நாகூர் வழக்கப்படி வாப்பா என்றும் உம்மா என்றும் கூப்பிடப் பழகி, ஆறு வயதில் முன்பல் விழுந்து சிரித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் எல்லாரும் பேசியது இங்கிலீஷ், அதிலும் பல காட்டு இங்கிலீஷ், பல நாட்டு இங்கிலீஷ். எனக்கு அந்த வாய் வராது. நம் வாய்க்கு வருகிற மாதிரிதான் சொல்வேன்.

சேகனாவுக்கு அங்கே தொழில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அத்தரும் சாம்பிராணியும் விற்பது. அதற்கு அவன் ஒரு பச்சைப் பட்டுத் தலைப்பாகை கட்டுவான். நாகூரில் அவன் வாப்பாவோ அவர் வாப்பாவோ தலைப்பாகையே கட்டினதில்லை. வழியில் ரயிலில் பழக்கமான இன்னொரு கப்பல்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை அது: வெறும் தலையோடு போனால் நீ கறுப்பன், பின்வாசலுக்குப் போ என்பார்கள், ஏழு முழத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நீ ராஜா வீட்டுப் பிள்ளை, நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

அவர்கள் குடியிருந்த ஆல்டர் தெருவில் கிழக்குச் சாரி முழுக்கக் கறுப்பர்கள், மேற்குச் சாரியில் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த வெள்ளைக்காரர்கள். நடுவில் இரண்டு கார் ஒதுங்கிப் போகிற அகலம். எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று இங்கே நின்று மூக்கால் சொல்லிவிடலாம். சேகனா வீட்டுக்கு நேர் எதிரே வாண்டா என்ற போலந்துக்காரி இருந்தாள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்வாள், அவள் பெண்ணும் சபுராவும் அதை யார் அதிகம் தின்பது என்று சண்டை போடுவார்கள், இரண்டு பேரையும் சேர்த்து எர்னஸ்டீன் அதட்டுவாள். அப்படி ஒரு தெரு.

ஒரு நாள் வீட்டுக்கடன் ஆபீஸிலிருந்து தொப்பி போட்ட இரண்டு அதிகாரிகள் காரில் வந்தார்கள். இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கிழக்கே பார்த்தார்கள், மேற்கே பார்த்தார்கள், மடியில் விரித்திருந்த வரைபடத்தில் கிழக்குச் சாரியைச் சிவப்புப் பென்சிலால் தீட்டி, தெருவின் நடுவே ஒரு கோடு இழுத்தார்கள். போய்விட்டார்கள். கோட்டுக்கு மேற்கே வீடு கட்ட, வாங்க, அடுக்களையைப் பெரிதாக்க எல்லாவற்றுக்கும் கடன் உண்டு, அரசாங்கம் ஜாமீன் நிற்கும். கோட்டுக்குக் கிழக்கே ஓட்டை அடைக்க ஒரு ஆணி வாங்கக்கூடக் கடன் கிடையாது. மேற்கே கடன் வேண்டுகிறவர்கள் ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: வெள்ளையர் அல்லாத யாரும் இந்த வீட்டில் தங்கக் கூடாது, வேலைக்காரர்களாக இருந்தாலொழிய. அந்தக் காகிதம் ஊரெல்லாம் அச்சடித்துக் கிடந்தது, யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. வாண்டா உட்பட எல்லாரும் போட்டார்கள். கடைசிக் கையெழுத்தின் மை காய்ந்த காலையில் தெரு அகலமாகிவிட்டது.

அதை முதலில் கண்டது எர்னஸ்டீன். முந்தின நாள் சபுரா வாண்டா வீட்டிலேயே தின்று, அங்கேயே தூங்கியிருந்தாள். கூட்டி வரலாம் என்று எர்னஸ்டீன் இறங்கி நடந்தாள். நடந்தாள், நடந்தாள், மூச்சு வாங்க நடந்தாள், தன் வீட்டுப் படி முதுகுக்குப் பின்னால் தள்ளித் தள்ளிப் போனதே தவிர வாண்டாவின் கதவு இருந்த இடத்திலேயே சின்னதாக, பொத்தான் அளவாக நின்றது. பயந்து திரும்பி ஓடி வந்தபோது நெற்றியில் ஒரு முடி வெளுத்திருந்தது. அதே நேரம் சர்ச் வழக்கப்படி எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு பியூலா, மேற்கே ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறவள், உடுப்பு அழுக்காகாமல் முன்னால் கட்டுகிற வெள்ளை ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள், ஒரு சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி நாலு எட்டில் அந்தப் பக்கம் போய், திரும்பிப் பார்த்து, "என்ன எர்னஸ்டீன், பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றாள்.

எர்னஸ்டீனும் சமையல் வேலைக்குப் போகிறவள்தான். உள்ளே ஓடித் தன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாலே எட்டு. வாண்டாவின் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும் "வாண்டா, என் பொண்ணை அனுப்பு" என்று சொல்ல வாயெடுத்தவள், "மேடம், குழந்தையை அனுப்பறீங்களா?" என்றாள். இரண்டு பேரும் அந்த வார்த்தையைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றார்கள். சபுரா ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். எர்னஸ்டீன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்த அந்த நிமிஷம் ஏப்ரன் கயிறு தானாக அவிழ்ந்து தரையில் விழுந்தது, எதிரே கிழக்குச் சாரி நகர்ந்து, நகர்ந்து, அடிவானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. குழந்தையை இறக்கிவிட்டு ஏப்ரனைக் கட்டினால் வீடு கிட்டத்தில். தூக்கினால் எட்டத்தில். வேலைக்காரிக்கு வழிவிட்ட தெரு உம்மாவுக்கு விடவில்லை.

"இங்கயே இருக்கட்டும், எர்னஸ்டீன். தெரு சரியாகிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றாள் வாண்டா. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

தெரு சரியாகவில்லை. மனுஷர்கள் சரிப்படுத்திக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் கிழக்குச் சாரியில் எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு ஏப்ரன் தொங்கியது, நம் வீடுகளில் குடை தொங்குகிற மாதிரி. மருந்து வாங்கப் போனாலும் ஏப்ரன், மீன் வாங்கப் போனாலும் ஏப்ரன், பல் பிடுங்கிக்கொள்ளப் போனாலும் ஏப்ரன். வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் மாட்டியிருந்த கோட்டுக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார நோயாளியைப் பார்க்கப் போனார், அங்கே அவரிடம் முதலில் ஜன்னலைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்துவிட்டுத்தான் நாடி பிடித்தார். நாய்களுக்குத் தெரு பழைய அகலமே. குழந்தைகள் மேற்கிலிருந்து உதைத்த பந்து கிழக்கே வந்து சேரும்போது தோல் சுருங்கி, காற்றுப் போய், தையல் நைந்து இருந்தது. பியூலா தன் பங்குக்கு, லேஸ் வைத்து ஞாயிற்றுக்கிழமை ஏப்ரன் என்று ஒன்று தைத்து விற்றாள். "கட்டித்தான் ஆகணும்னா அழகாக் கட்டுங்கடி" என்பாள்.

கட்டாமல் நடந்து பார்த்தவர்களும் உண்டு. லூஷியஸ் என்று ஒரு மீசை முளைத்த முறுக்கன், தார்ச் சாலை போட்டவனே நான்தான், எனக்கா வழி கிடையாது என்று வெறும் கையோடு இறங்கினான். காலைக் காபிக்குப் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தான், நெஞ்சு வரை தாடியோடு, அடி தேய்ந்த செருப்போடு, நாற்பது வயது ஆளாக. "கால்வாசி போனேன்" என்றான். "வயசு அடிக்கு அடி ஏறுது. உக்காந்தா நின்னுக்குது. நடந்தா ஏறுது." அவன் அம்மா அவனை மடியில் போட்டு அழப் பார்த்தாள், மகன் தன்னைவிட மூத்தவனாகத் தெரிந்ததால் கூச்சப்பட்டு விட்டுவிட்டாள். இன்னொரு விஷயமும் அப்போது தெரியவந்தது. ஏப்ரன் கட்டி ஒரு தடவை தாண்டியவர்கள், அதைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்றால் கால் பிளாட்பாரத்தை விட்டு இறங்கவே இறங்காது. ஒரு தடவை கட்டினால் ஆயுசுக்கும் அதுதான் வழி.

கிழட்டு டீக்கன் ஒருவர் செத்துப்போனார். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். கல்லறை மேற்குச் சாரிக்குப் பின்னால், அங்கேதான் அவர் பெண்டாட்டியைப் புதைத்திருந்தது. பிணத்துக்கு ஒரு ஏப்ரன் கட்டிவிட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். டீக்கனின் மகள் பார்த்த பார்வையில் அந்த ஆள் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரன் கட்டாத நாலு ஆண்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி, பாடிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். இரண்டு வாரமாக அவர்கள் நடுத்தெருவில் கறுப்பு எறும்பு மாதிரி தெரிந்துகொண்டே இருந்தார்கள். காற்றடித்தால் பாட்டு கேட்கும். சர்ச்சுக்குப் போகிறவர்கள் அந்தத் திசைக்கு ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

சர்ச்சுப் பாதிரியாரும் சேகனாவும் வீட்டுக்கடன் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். ஆபீஸ் கிழக்குப் பக்கமே, அதனால் நடக்க முடிந்தது. ஒரு அதிகாரி டேப்போடு வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விசிலடித்துக்கொண்டே நடந்து அளந்தார்.

"நாற்பது அடி. பழைய ரெக்கார்டிலயும் நாற்பது. என்ன பிரச்சினை?"

"நீங்க நடந்தா நாற்பது அடி, சார். நாங்க நடந்தா நாற்பது வயசு" என்றான் சேகனா.

"அப்போ கொஞ்சம் வேகமா நடங்க" என்று சொல்லி டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர் போனார்.

சேகனாவுக்குத் தலைப்பாகை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு போனால் தெரு குழம்பும். இவன் யார், கறுப்பனா, ராஜாவா, எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு தடவை நீளும், ஒரு தடவை சுருங்கும், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிடும். அப்படித் தினம் போய் மகளைப் பார்த்தான், இரண்டு சீசா அத்தரும் விற்றான். அந்தச் சலுகையில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பு இருந்ததை எர்னஸ்டீன் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் துணிந்து, சபுராவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். கால்வாசி வந்திருப்பான். "வாப்பா, உன் தொப்பி கண்ணை மறைக்குது" என்றாள் குழந்தை. வாப்பா என்ற சொல் காதில் விழுந்ததும் தெருவுக்குப் புரிந்துபோயிற்று. தலைப்பாகை சரசரவென்று தானாக அவிழ்ந்து ஏழு முழமும் தரையில் கிடந்தது, இரண்டு பக்கமும் வீடுகள் பின்வாங்கின. அலறிக்கொண்டு ஓடி, அவளை வாண்டா வாசலில் இறக்கிவிட்டு, தனியாகத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு திரும்பினான். பாதி ஏமாந்த தெரு அவனிடம் பாதி வசூல் செய்தது: வீடு வந்து சேர்ந்தபோது ஒரு பக்க மீசை நரைத்திருந்தது. அதன்பின் தலைப்பாகை அங்கே செல்லுபடியாகவில்லை.

ஆக மகளைப் பார்க்க எர்னஸ்டீன் மட்டும்தான் போய்வந்தாள், வேலை முடிந்து வருகிற வழியில், இடுப்பில் ஏப்ரனோடு. மேற்குச் சாரியில் இப்போது ஏப்ரன் கட்டியவர்களின் முகம் யாருக்கும் தெரிவதில்லை. தட்டை ஏப்ரனிடம் நீட்டுவார்கள், ஏப்ரனிடம் பேசுவார்கள், ஏப்ரன் வாசல் தாண்டிப் போனதும் கதவைச் சாத்துவார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் எர்னஸ்டீன் மகளுக்கு முன்னால் மண்டியிட்டு அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சபுரா அவள் தோளுக்கு மேலே ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரியாதையாக, அன்னியரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "நீங்க எதிர் வீட்டுப் பக்கம் போவீங்களா? எங்க உம்மாவைப் பாத்தா, சபுரா தேடுறான்னு சொல்றீங்களா?"

எர்னஸ்டீன் பின்னி முடித்தாள். ரிப்பன் கட்டினாள். "சொல்றேன், மா" என்றாள். எழுந்திருக்கும்போது, தினம் இந்த நேரத்துக்கு வருகிற ஏப்ரன் யாருடையது என்று தெரிந்த வாண்டா ஒரு துணியை எடுத்துக் காட்டினாள்.

"திங்கக்கிழமை கடன் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க, அடுக்களைய பாக்க. உங்க பிள்ளை இங்க தங்கியிருக்கிறதைப் பாத்தா இந்தச் சாரி முழுக்கக் கடன் போயிடும். வேலைக்கு இருக்கிற பொண்ணுன்னு சொன்னா ஒன்னும் இல்லை. சும்மா ஒரு நாளைக்கு. பாரு, வாத்து போட்டு எவ்வளவு அழகா தச்சிருக்கேன்."

ஒரு முழம் நீளம்கூட இல்லாத ஏப்ரன். ஓரத்தில் மஞ்சள் வாத்துகள்.

வீட்டுக்கு வந்து எர்னஸ்டீன் இதைச் சேகனாவிடமும் பியூலாவிடமும் சொன்னாள். பியூலாதான் பேசினாள். "கட்டட்டுமே. கட்டிக்கிட்டு நாலு எட்டுல வீட்டுக்கு ஓடி வந்துடுவாளே. உசுரோட வர்றது பெரிசா, துணி பெரிசா?"

"வருவா, சிஸ்டர். வந்து வாசல்ல நின்னு என்னைப் பாத்து மேடம்னு கூப்பிடுவா. அப்புறம் சாகிற வரைக்கும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் தெருவுல இறங்குவா. எங்க பாட்டி கட்டுனா, எங்கம்மா கட்டுனா, நான் கட்டிட்டேன். என்னால இறங்கி நடக்கவே முடியாது, காலு வராது." அவள் புருஷனைப் பார்த்தாள். "நீ இதுவரைக்கும் கட்டலை."

"கட்டலை" என்றான் சேகனா.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச் கிளம்புகிற நேரம். எர்னஸ்டீன் மக்காச்சோள ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். சேகனா தலைப்பாகையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொண்டா, அடுப்பு துடைக்கத் துணியில்லாம இருந்தேன்" என்று அதை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இப்ப நீ யாராப் போற?"

"சபுரா வாப்பாவா."

"அப்ப ரொம்ப தூரம் ஆச்சே."

"ஆமா புள்ள."

அவன் இறங்கினான். முதல் சில அடிகளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மீசையின் இன்னொரு பக்கமும் நரைத்தது, பிறகு கப்பலில் கரி அள்ளிய தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பிறகு பற்களில் ஒன்று ஆடியது, அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். தார் முடிவில்லாமல் கிடந்தது. நிழல் இல்லை, வெயிலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையின் வெளிச்சம் ஆணியடித்த மாதிரி அப்படியே நின்றது. சேகனாவுக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. இனிமேல் அவன் இவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் என்றே சொல்கிறேன்.

அவர் போகிற வழியில் ஒரு புருஷன் பெண்டாட்டி கல்யாண உடுப்போடு கட்டிலையும் கண்ணாடியையும் ஒரு வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புருஷன் கையில் சாவி. மேற்கே ஒரு வீட்டை முன்பணம் கொடுத்து முடித்தவர்களாம். "அந்த வீடு இன்னும் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். "இருக்கு, ஜன்னலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு" என்றார் சேகனா. அவர்களுக்குச் சந்தோஷம். நடுத்தெருவில் சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடந்தால் வயது ஏறுகிறது என்று கண்டுபிடித்ததும் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"எங்க பிரதர் இவ்வளவு தூரம்?"

"பொண்ணைக் கூட்டிட்டு வர."

"நல்லது. டீக்கன் ஒருத்தருக்குத்தான் இங்க வயசாகலை" என்று ஒருவர் பெட்டியைத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போகிற இடம் இல்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சேகனா மேற்குப் பிளாட்பாரத்தில் ஏறியபோது அவருக்கு எழுபதைத் தொட்டிருக்கும். மேற்கில் அதே ஞாயிற்றுக்கிழமைதான், வாண்டா பிசைந்து மூடிவைத்த மாவு இன்னும் பொங்கவில்லை. கதவைத் திறந்தவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

"யாரு வேணும், பெரியவரே?"

"என் மகள்."

வாண்டா அவர் கண்ணைப் பார்த்தாள். எதிர்ச்சாரியைப் பார்த்தாள். "சேகனா? இப்பத்தான் உன்னைப் பாத்தேன். எதிர் வாசல்ல, கறுகறுன்னு தலையோட..."

"அப்பத்தான் கிளம்பினேன்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒரு நல்ல அடுக்களை வேணும்னுதான் கையெழுத்துப் போட்டேன். தெருவை இப்படிப் பண்ணுங்கன்னு நான் சொல்லலையே, சேகனா."

"சொல்லல. போட்டே."

வாண்டா மடியில் வாத்து ஏப்ரன் இருந்தது. அதை அவள் சுருட்டிச் சுருட்டி ஒரு விரல் கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள், ஆனால் எழுந்து கட்ட வரவில்லை. உள்ளே இருந்து சபுரா வந்தாள். கிழவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க வாப்பாவோட வாப்பாவா?"

"கிளம்பும்போது வாப்பாதான். வழியில கொஞ்சம் முத்திட்டேன். தோள்ல ஏறு. கால் தெருவில படக் கூடாது, என்ன?"

"ஏன், சேறா?"

"ஆமா, சேறு."

அவள் ஏறினாள். அவர் இறங்கினார். கால் படாததால் அவளுக்கு வயது ஏறவில்லை, அவளுக்கும் சேர்த்து அவருக்கே ஏறியது. மூச்சு இருந்த அளவுக்குப் பேசிக்கொண்டே நடந்தார். உம்மாவுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கும், சின்ன வயசில் பருத்திக் காட்டில் விழுந்தது. உம்மா சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிப்பா. உம்மா கோபத்தில் இருந்தா மூக்கு முதல்ல சிவக்காது, காது சிவக்கும். குழந்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், பாடம் மாதிரி. "காது சிவக்கும்." "ஆமா, காது." கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, சவப்பெட்டி கிடந்த இடம் வரை வந்தார். அங்கே அவர் முழங்கால் மடங்கிவிட்டது. இனி கிழக்கே இருக்கிற தூரம் அவரிடம் மிச்சமிருக்கிற வயதைவிட அதிகம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. மகளை இறக்காமலே பெட்டியில் உட்கார்ந்தார்.

கிழக்குப் பிளாட்பாரத்தில் சர்ச்சுக்குப் போகாமல் சனம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. எறும்பாகத் தெரிந்த சேகனா நின்றுவிட்டதை எர்னஸ்டீன் பார்த்தாள். அவள் போட்ட குரல் நடுத்தெரு வரை வந்தது.

"ஏப்ரன் கட்டாதவங்க யாரெல்லாம்? முன்னால வாங்க! நான் வர முடியாது, நீங்க வாங்க!"

ரொம்பப் பேர் இல்லை. எல்லாருக்கும் எப்போதோ ஒரு நாள் மருந்தோ மீனோ தேவைப்பட்டிருந்தது. ஆனாலும் பாதிரியார் இறங்கினார். லூஷியஸ், ஏற்கனவே இளமையை இழந்தவன், இறங்கினான். டீக்கனின் மகள் இறங்கினாள். நடக்கவே முடியாத கிழவர்கள் இரண்டு பேர் ஆளுக்கு நாலு அடி வந்து, எங்களால் இவ்வளவுதான் என்று தாரில் உட்கார்ந்தார்கள். கல்யாண ஜோடி வண்டியை நிறுத்திவிட்டுப் புதுவீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்து, ஓரிடத்தில் சாவியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். தங்களால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு தூரம், ஒருவர் ஒரு வயது, ஒருவர் இரண்டு, ஒருவர் ஒரு குளிர்காலம் மட்டும். பெட்டியிலிருந்து பிளாட்பாரம் வரை ஒரு மனுஷச் சங்கிலி நின்றது. பெட்டி தூக்கி வந்த நாலு பேரில் ஒருவர் எழுந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பிணத்தையே தூக்கின தோள் இது. பாப்பாவுக்கு வலிக்காது. கொடுங்க, பிரதர்."

சேகனா கொடுத்தார். தோளுக்குத் தோள், கைக்குக் கை, குழந்தை மிதந்து போனாள். யார் கையில் இருக்கிறாளோ அவர் தலையில் ஒரு முடி வெளுத்தது, அடுத்தவரிடம் தந்துவிட்டு அவர் உட்கார்ந்தார். அவள் பொம்மை அளவாக, விரல் அளவாக, புள்ளியாகப் போனாள். அதற்கு மேல் சேகனாவின் கிழட்டுக் கண்ணுக்குத் தெரியவில்லை. சனத்தின் இரைச்சல் நின்றது. பாட்டு நின்றது. இந்த இடத்தில்தான், ஆயுள் முழுவதையும் கொட்டிக் கொடுத்துவிட்டு, அது பலித்ததா இல்லையா என்று தெரியாமல், ஒரு பிணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் காதைத் தீட்டினார். குழந்தை எதிரே நிற்கிற பெண்ணைப் பார்த்து என்ன சொல்லப் போகிறாள்? மேடம் என்றா? எங்க உம்மாவைப் பாத்தீங்களா என்றா?

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு எர்னஸ்டீனின் குரல், காது சிவந்த குரல், ஏரிக்கரை வரை கேட்கிற மாதிரி: "இன்னொரு ஷூ எங்கடி? போன மாசம்தான் வாங்கினேன், அதுக்குள்ள ஒத்தையா வந்து நிக்கிறே!"

"உம்மா, அது வாப்பாகிட்ட இருக்கு!"

சேகனா குனிந்து பார்த்தார். மகளைத் தூக்கிக் கொடுத்த கையில், அவருக்கே தெரியாமல், ஒரு சின்ன ஷூ மாட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் அமர்ந்திருந்தவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டினார். பல்லில்லாத வாயால் அவர் சிரித்த சிரிப்பை அன்றைக்குக் கிழக்குச் சாரி முழுக்கக் கேட்டது என்கிறார்கள். இன்றைக்கும் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கேட்கிறது என்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அங்கே வயது ஏறுவதில்லையே.

அவ்வளவுதான் நடந்தது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு ஆள், முகம் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை நான் நம் ஊரிலேயே ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறேன். வீட்டுக்காரர் போனிலேயே முழுப்பேரைக் கேட்டார், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார், நேரில் வாருங்கள், பக்கம்தான், நாலு எட்டு என்றார். எனக்கு எத்தனை எட்டு ஆகும் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்த நேரத்தில் என் பேர் வெளியே அடிபட வேண்டாம்.